குளிருக்கு ஒரு ஆப்பிள் கிரம்பள், எங்க அத்தைக்கும் சேர்த்து



போன சனிக்கிழமை மார்கழி காலை பூஜை முடிஞ்சு தொண்டர்களுக்கு நான் கொண்டு வந்த அந்த ஆப்பிள் தட்டைப் பத்தி இதுவரைக்கும் 17 பேர் வாட்சாப்புல கேட்டுட்டீங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா குரல் பதிவு அனுப்பி எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அதனால இங்கேயே எழுதிடுறேன். நீளமாத்தான் வரும். செய்முறை மட்டும் போதும்னு நினைக்கிறவங்க பாதிக்குக் கீழே போயிடுங்க. "ஏன்மா சீனியே போடல, ஆனா இனிக்குது?"ன்னு கேட்ட அண்ணன்மார்களும் அக்காமார்களும் தயவு செஞ்சு முழுசா படிங்க.

ஈப்போவுலயும் கிள்ளான்லயும் இருக்கிறவங்களுக்கு டிசம்பர்னா மழை, அவ்வளவுதான். மேலே தானா ராத்தாவுல எங்களுக்கு மழையோட குளிரும் சேர்ந்து வரும். கடல் மட்டத்துல இருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு ஆலயத்துக்கு நடந்தா, பேசுற வாயில இருந்து புகை வரும். பூஜை முடிஞ்ச உடனே எல்லாருக்கும் கை தேடுறது சூடா ஏதாவது ஒண்ணு. சர்க்கரைப் பொங்கல் இருக்கு, சுண்டல் இருக்கு, பெரிய கெட்டில்ல தேத்தண்ணி இருக்கு.

ஆனா நம்ம தொண்டர் படையைக் கொஞ்சம் பாருங்க. பாதிப் பேர் 55 தாண்டியாச்சு. பொங்கல் கரண்டியை நீட்டினா "கொஞ்சமா போடும்மா, எனக்கு இனிப்பு நீர்"ன்னு சொல்லிக்கிட்டே தட்டை இன்னும் கிட்டக் கொண்டு வருவாங்க. சிரிப்பா இருந்தாலும் இது சின்ன விஷயம் இல்ல. 2023ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுப்படி நம்ம நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆறு பேருக்கு ஒருத்தர். நம்ம பந்தியில உட்கார்ந்து எண்ணினா ஆறு வரைக்கும் எண்ண வேண்டிய அவசியமே இருக்காது.

பிரசாதத்துல கை வைக்கணும்னு நான் சொல்ல வரல. பொங்கல் பொங்கலாவே இருக்கட்டும், ஒரு வாய் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு சாப்பிடுங்க. அதுக்கு அப்புறம் பசிக்கும் குளிருக்கும் சாப்பிடுறது என்னன்னுதான் என் பேச்சு.

இது ஆரம்பிச்சது ஆலயத்துல இல்ல, எங்க வீட்டுல. எங்க அத்தைக்கு (வீட்டுக்காரரோட அம்மா) 71 வயசு. ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்துல, லயத்துல பிறந்து வளர்ந்தவங்க. 20 வருஷமா இனிப்பு நீர். மூணு வருஷத்துக்கு முன்னாடி கால்ல ஒரு சின்னக் காயம். ஆறல. கடைசியில ஈப்போவுக்குக் கொண்டு போய் ஒரு விரலை எடுத்தாங்க. அதுல இருந்து வீட்டுல நாங்க எல்லாரும் போலீஸ்காரங்க ஆயிட்டோம். என் வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டர். நாத்தனார் கோலாலம்பூர்ல இருந்தே போன்ல ரோந்து. "அம்மா என்ன சாப்பிட்டாங்க? பழம் எத்தனை துண்டு? தேத்தண்ணியில பால் டின் ஊத்தினியா?"

அத்தை சண்டை போடல. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அவங்க மெதுவா விலக ஆரம்பிச்சாங்க. தீபாவளிக்கு உறவுக்காரங்க வந்து பலகாரத் தட்டு வெளியே வந்தா, "எனக்குக் கால் வலிக்குதுய்யா"ன்னு எழுந்து ரூமுக்குப் போயிடுவாங்க. பேரப் பிள்ளைங்க பிறந்தநாள் கேக் வெட்டுறப்ப கை தட்டிட்டு உடனே பாத்திரம் கழுவப் போவாங்க. ஒரு நாள் அவங்க சேலையைத் துவைக்க எடுத்தேன். முந்தானை முடிச்சுல கல்கண்டு, நாலு துண்டு. ஆலயத்துல குடுத்தது. பக்கத்துல நின்ன என் வீட்டுக்காரர் பார்த்துட்டார், சத்தம் போட்டுட்டார். பெத்த தாயை, 71 வயசுல, கல்கண்டுக்காக.

அன்னிக்கு ராத்திரி அத்தை அடுப்படியில என்கிட்ட சொன்னாங்க: "எனக்கு இனிப்பு மேல ஆசை இல்லம்மா. எல்லாரும் சாப்பிடுறப்ப என் கையிலயும் ஒரு கிண்ணம் இருந்தா போதும். வெறுங்கையோட உட்கார்ந்திருக்க ஒரு மாதிரியா இருக்கு."

அதுக்கப்புறம்தான் நான் தேட ஆரம்பிச்சேன். அவங்களுக்குன்னு தனியா ஒரு பிஸ்கட் டின் வாங்கி வைக்கிறதுல எனக்கு இஷ்டமில்ல. 'சுகர் ஃப்ரீ'ன்னு எழுதின டின்னை நடுவுல வச்சா அது நோயாளி டின். எல்லாரும் ஒரே தட்டுல இருந்து எடுக்கணும், பிள்ளைங்களும் விரும்பிச் சாப்பிடணும், முட்டை இருக்கக் கூடாது. அத்தை வெள்ளி, சனி, மார்கழி முழுக்க சைவம்.

கேக்கு இதுக்கு ஒத்து வராது. முட்டை ஒரு பக்கம் இருக்கட்டும். கேக்குல சீனி இனிப்புக்கு மட்டும் இல்ல, அது எழும்பி மெத்துன்னு, ஈரமா இருக்கிறதுக்கும் சீனிதான் காரணம். முக்கால்வாசி சீனியை எடுத்துட்டா ரொட்டி மாதிரி வரும். குக்கீஸும் அப்படித்தான். ஆனா கிரம்பள் வேற. கீழே பழம், மேலே பொடிப்பொடியா உதிர்த்த மாவு. எதுவும் எழும்ப வேண்டாம். சீனிக்கு அங்க கட்டட வேலை எதுவும் இல்ல. மேல் மாவை மொறுமொறுன்னு சிவக்க வைக்கக் கொஞ்சம் உதவி பண்ணும், மத்தபடி வெறும் இனிப்புதான். அதனால தைரியமா குறைக்கலாம்.

இன்னொண்ணு. இது பிரிட்டன்ல பரவலானதே இரண்டாம் உலகப் போர்க் காலத்துல. 1940 ஜனவரியில அங்க வெண்ணெய்க்கும் சீனிக்கும் பங்கீடு வந்துடுச்சு. பை செய்யுற மாதிரி வெண்ணெயை அள்ளிப் போட வழியில்லாம, இருக்கிறதை உதிர்த்துப் பழத்து மேல தூவினாங்க. (அதே போர் இங்க வந்தப்ப நம்ம பாட்டிமார் மரவள்ளிக் கிழங்கைத் தின்னு காலம் தள்ளினாங்க. அது வேற கதை.) இல்லாத காலத்துல பேர் வாங்கின பலகாரம் இது. இப்ப கடைகள்ல அதுல சீனியையும் வெண்ணெயையும் கொட்டி, மேல ஐஸ்கிரீமும் வச்சுத் தர்றாங்க.

அத்தைக்கு அடுப்புல வெந்த ஆப்பிள் புதுசும் இல்ல. அவங்க அம்மா தொரை பங்களாவுல அடுப்படி உதவிக்குப் போனவங்க. குளிர் நாள்ல முழு ஆப்பிளை நடுவுல குடைஞ்சு, திராட்சை வச்சு, அடுப்புல வேக வைப்பாங்களாம். மிச்சம் இருந்தா இலையில சுத்தி லயத்துக்கு வரும், ஏழு பிள்ளைங்களுக்கு ஒரு ஆப்பிள். "தோல் எனக்கு, உள்ளே இருக்கிறது தம்பிக்கு"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. இவ்வளவு வருஷத்துல நான் கேட்டதே இல்லாத கதை, ஓவன் சூடாகிக்கிட்டு இருந்தப்ப வந்தது.

சரி, சீனி இல்லாம எப்படி இனிக்குதுங்கிற விஷயத்துக்கு வர்றேன்.

முதல் காரணம் சூடு. ஐஸ்கிரீம் உருகினதுக்கு அப்புறம் குடிச்சுப் பாருங்க, திகட்டும். அதே சீனிதான். சில்லுன்னு இருக்கிறப்ப நாக்குக்கு இனிப்பு மட்டா தெரியும், வெதுவெதுன்னு இருக்கிறப்ப தூக்கலா தெரியும். அதனால சூடா சாப்பிடுற பலகாரத்துக்குக் குறைஞ்ச இனிப்பே போதும். வெயில் ஊர்ல எல்லாத்தையும் குளிர வச்சு சாப்பிடுறோம், சீனியும் கூடுது. நமக்கு மேலே இருக்கிற குளிர் இந்த இடத்துல ஒரு வரம்.

ரெண்டாவது, பழத்துல இருக்கிற தண்ணி ஓவன்ல கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போய், இருக்கிற இனிப்பு செறிவாகும். ஞாபகம் வச்சுக்கோங்க, பழத்துல இருக்கிற சர்க்கரை கூடாது, குறையவும் குறையாது. சுவைதான் திரண்டு வரும்.

மூணாவது வாசனை. பட்டை, ஏலக்காய், சுக்கு. பட்டை வாசம் வந்தாலே நம்ம மூளை இனிப்புன்னு முடிவு பண்ணிடும், அத்தனை வருஷப் பழக்கம். ஒரு சிட்டிகை உப்பு அதைத் தூக்கிக் குடுக்கும்.

இப்ப செய்முறை. எட்டுப் பேருக்கு.

ஆப்பிள் 500 கிராம், நடுத்தர அளவுல மூணு வரும். பச்சை ஆப்பிள் இருந்தா ரொம்ப நல்லது, புளிப்பு இருக்கும், வெந்தாலும் வடிவம் நிக்கும். அந்தப் பச்சை ஆப்பிளுக்கு 'கிரானி ஸ்மித்'னு பேர் வந்ததே 1860களில் ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கம் இருந்த மரியா ஆன் ஸ்மித்ங்கிற பாட்டியால. பாட்டி பேர்ல ஒரு பழம், எனக்குப் பிடிச்ச செய்தி. உபயக்காரங்க கொண்டு வந்த சிவப்பு ஆப்பிள் ஆலயத்து ஸ்டோர்ல மிஞ்சி, கொஞ்சம் மாவாகிப் போயிருந்தாலும் பரவாயில்ல. பச்சையா கடிக்க நல்லா இல்லாத பழம் வேக வச்சா நல்லாவே இருக்கும். அதுக்கு மட்டும் ஒரு எலுமிச்சம்பழத்துல பாதி பிழிஞ்சு விடுங்க. தோலைச் சீவாதீங்க, நார்ச்சத்து அங்கதான் நிறைய. வெதுவெதுப்பான தண்ணியில நல்லா தேய்ச்சுக் கழுவுங்க, மேல மெழுகு பூசியிருப்பாங்க.

நம்ம ஊர் ஸ்ட்ராபெரி 200 கிராம். சுற்றுலாக்காரங்க வாங்காத பொடிப் பழம் போதும், புளிச்சாலும் சரி. கேமரன் மலை ஸ்ட்ராபெரி புளிக்குதுன்னு குறை சொல்றவங்க அதை ஒரு தடவை வேக வச்சுப் பார்க்கணும். ஆனா தண்ணி விடும். அதுக்காக ஒரு தேக்கரண்டி சோளமாவு பழத்துல பிரட்டிடுங்க. பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, சுக்குப்பொடி அரை, ஏலக்காய் நாலு தட்டிப் போட்டுக் கலந்து தட்டுல பரப்புங்க. பழத்துல ஒரு துளி சீனி கிடையாது.

மேல் மாவுக்கு ஓட்ஸ் 100 கிராம். உடனடி ஓட்ஸ் வேண்டாம், முழுசா தட்டையா இருக்கிறதை வாங்குங்க. ஆட்டா மாவு 50 கிராம், பாதாம் 40 கிராம் ஒண்ணும் பாதியுமா இடிச்சது. பாதாம் விலை கையைக் கடிச்சா வேர்க்கடலை, ருசி ஒண்ணும் குறையாது. வெண்ணெய் 50 கிராம், சில்லுன்னு இருக்கணும். விரல் நுனியால மாவோட தேய்ச்சு உதிர்க்கணும், புட்டு மாவு பிசிறுற பக்குவம்தான். புட்டு தெரிஞ்ச கைக்கு இது தனியா சொல்லித்தர வேண்டியதில்ல. உப்பு ஒரு சிட்டிகை. கடைசியா பழுப்புச் சீனி 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி. மொத்தத் தட்டுக்கும் அவ்வளவுதான். அது மேல் மாவு சிவக்கிறதுக்கு.

180 டிகிரியில 40 நிமிஷம். ஓரத்துல பழச்சாறு கொப்புளிச்சு வரணும், மேலே பொன்னிறம். மேலே இருக்கிறவங்க இன்னும் 5 நிமிஷம் கூட வைங்க. நம்ம உயரத்துல தண்ணி சுமார் 95 டிகிரியிலயே கொதிச்சுடும், அதனால பழம் மெதுவாத்தான் வேகும். இங்க பருப்பு வேக நேரமாகுதுன்னு கீழே இருந்து கல்யாணமாகி வந்த மருமகள்கள் எல்லாம் சொல்றது இதனாலதான், பருப்பு மேல பழி போடாதீங்க. எடுத்த உடனே பரிமாறாதீங்க, 15 நிமிஷம் ஆறினா சாறு கெட்டியாகும்.

எங்க வீட்டுல இதுக்குன்னு தனித் தட்டு வச்சிருக்கேன், அதுல வேற எதுவும் வேகாது. ஆலயத்துக்குக் கொண்டு வர்றதுன்னா இது முக்கியம்.

கணக்கு கேட்ட மடப்பள்ளி அண்ணனுக்காக: வழக்கமான செய்முறைகள்ல இந்த அளவுக்கு 100லிருந்து 150 கிராம் வரைக்கும் சீனி போடுவாங்க. 150ன்னு வச்சுக்கிட்டா, நாம குறைச்சது ஒரு ஆளுக்கு 17 கிராம், கிட்டத்தட்ட நாலு தேக்கரண்டி சீனி. அப்படிக் குறைச்சும் இந்தக் கிண்ணத்துல ஒரு ஆளுக்குச் சுமார் 26 கிராம் மாவுச்சத்து இருக்கு. பழம், ஓட்ஸ், ஆட்டா எல்லாம் சேர்ந்து. அரை கப் சோத்துல 22 கிராம் இருக்கும்னு வச்சுக்கோங்க, அதைவிடக் கொஞ்சம் கூட. 'சீனி இல்ல'ன்னு சொன்ன உடனே ரெண்டு கிண்ணம் சாப்பிட்ட அங்கிள் (பேர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்), தயவு செஞ்சு இதைப் படிங்க. அத்தை இது சாப்பிடுற அன்னிக்குக் காலையில தோசை ஒண்ணைக் குறைச்சுக்குவாங்க.

அடுத்து, வெல்லம் போட்டா, கூலா மலாக்கா போட்டா, தேன் போட்டா பரவாயில்லையான்னு ஏழெட்டுப் பேர் கேட்டீங்க. இதுல நான் கொஞ்சம் கண்டிப்பாத்தான் பேசுவேன். கூலா மலாக்கா வாசம் எனக்கும் உயிர். ஆனா அதுல பெரும்பகுதி சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ்தான். வெல்லமும் அப்படியே. தேன்ல இருக்கிறதும் சர்க்கரைதான். நிறம் மாறினதால இரத்தத்துல ஏறாம இருக்கப் போறதில்ல. பேரீச்சம்பழம் 'இயற்கை'ன்னு சொல்லி அரைச்சு ஊத்துறாங்க, 100 கிராம்ல 60 கிராமுக்கு மேல சர்க்கரை. நாலு துண்டு நறுக்கிப் போடுறது வேற, அரைச்சு ஊத்துறது வேற. 'வெல்லம்தானே'ன்னு நம்பி நம்ம ஆளுங்க கால் விரலைக் குடுக்கிறதைப் பார்த்தவ நான்.

அத்தைக்கு முதல் தடவை குடுத்தப்ப விரல்ல குத்திப் பார்த்தோம். சாப்பிடுறதுக்கு முன்னாடி 6.8. ரெண்டு மணி நேரம் கழிச்சு 8.9. அவங்களுக்கு டாக்டர் குடுத்த எல்லை 10. கிளினிக் மிஸ்ஸிகிட்ட புத்தகத்தைக் காட்டினேன், தலையாட்டிட்டு "அளவு முக்கியம்கா"ன்னு சொன்னாங்க. நாத்தனார் இன்னும் ஒத்துக்கல. "எதுக்கு ஆசை காட்டணும், பழகின நாக்கு பழகிடுச்சுல்ல?"ன்னு போன்ல கேட்டாங்க. அவங்க பயம் எனக்குப் புரியுது, ஆஸ்பத்திரியில அத்தை பக்கத்துல 11 நாள் படுத்திருந்தது அவங்கதான். நான் பதில் சொல்லல. எண்ணை மட்டும் அனுப்பினேன்.

இந்த எண் எங்க அத்தையோட உடம்புக்கு. உங்க வீட்டுல இன்சுலின் போடுறவங்க, சிறுநீரகத்துல பிரச்சினை இருக்கிறவங்க இருந்தா பழத்துக்கே கட்டுப்பாடு இருக்கலாம், டாக்டரைக் கேட்டுட்டுக் குடுங்க. நான் ஆலயத்துல பாத்திரம் தேய்க்கிறவ, மருத்துவர் இல்ல.

போன தீபாவளிக்கு எங்க வீட்டுல முறுக்கு, அதிரசம் எல்லாம் வழக்கம் போல இருந்துச்சு. நடுவுல இந்தத் தட்டு. அத்தை தன் கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு சோபாவுல உட்கார்ந்து, சின்ன மச்சான்கிட்ட தோட்டத்துக் கதை பேசிக்கிட்டு இருந்தாங்க. கால் வலின்னு எழுந்து போகல. கிண்ணம் காலியாகி ரொம்ப நேரம் ஆகியும் கையிலயே வச்சிருந்தாங்க. என் வீட்டுக்காரர் கவனிச்சார், ஒண்ணும் பேசல, தேத்தண்ணி கோசோங்கா போட்டுக் கொண்டு போய்க் குடுத்தார்.

மிச்சக் கேள்விகளுக்கு வேகமா பதில். மேல ஐஸ்கிரீம் வேண்டாம், கெட்டித் தயிர் ஒரு கரண்டி நல்லா இருக்கும். அத்தைக்குக் குளிர்ல தயிர்னா சளின்னு பயம், அவங்களுக்குச் சூடான பால் கொஞ்சம் ஊத்திக் குடுப்பேன். பிசாங் மாஸ் போடலாமா? போடலாம், நல்லா இனிக்கும், ஆனா மாவுச்சத்து கூடும், ஆப்பிளைக் குறைச்சுக்கோங்க. ஆரஞ்சு வேண்டாம், வெந்தா கசக்குது. பேரிக்காய் கொஞ்சம் கடினமா இருக்கிறப்பவே போடுங்க. ஏர் ஃபிரையர்ல செய்யலாம், சின்னத் தட்டுல 160 டிகிரி, 20 நிமிஷம் கழிச்சு எட்டிப் பாருங்க, மேல சீக்கிரம் கருகும். மிஞ்சினா பிரிட்ஜ்ல மூணு நாள் தாங்கும். திரும்பச் சூடு பண்ண மைக்ரோவேவ் வேண்டாம், மேல் மாவு நமுத்துப் போகும், ஓவன்ல 10 நிமிஷம் வைங்க.

இந்தச் சனிக்கிழமை ரெண்டு தட்டு கொண்டு வர்றேன். அத்தை இப்பவே சுக்கு பத்தலன்னு சொல்லிட்டாங்க, ஒரு தட்டு அவங்க கைப்பக்குவம். எது எதுன்னு சொல்ல மாட்டேன். கிண்ணமும் கரண்டியும் வீட்டுல இருந்து கொண்டு வந்துடுங்க, பிளாஸ்டிக் கிடையாது.